இழப்பீடு இல்லை என்று போனில் சொன்னால்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில், பிரதான வீதியில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய அலுவலகம் ஒன்று. அந்தப் படிகளில் எங்கள் பெரியம்மா ஏழு தடவை ஏறி இறங்கினார். பெரியப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவர் பெயரில் ஓர் ஆயுள் காப்புறுதி இருந்தது. அந்தப் பணத்துக்காகத்தான் இந்த அலைச்சல். ஒவ்வொரு பயணத்துக்கும் தோட்டத்தில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போனது. மழை நாளில் பஸ் பிந்திவிட்டால் முழுப்பேரும் போனது. கவுன்டரில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது. “பேப்பர் எல்லாம் கொழும்புக்கு அனுப்பியாச்சு அம்மா, அவங்களே கோல் எடுப்பாங்க.”

கடைசியில் கோல் வந்தது. பாலிசி எடுக்கும்போதே பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்ததாம், அதை மறைத்துவிட்டாராம், ஆகவே பணம் இல்லையாம். பேசியவர் பெயர் தெரியாது. கடிதம் இல்லை. பெரியம்மா ‘சரிங்க சேர்’ என்று சொல்லி போனை வைத்துவிட்டார். ‘சரி’ என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். “வேற என்னாத்தப்பா சொல்றது?” என்றார்.

நான் சட்டத்தரணி இல்லை. பெரியம்மாவின் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தவன், அவ்வளவுதான். அந்த அலைச்சலில் முதலில் புரிந்தது இது: இலங்கையில் காப்புறுதி நிறுவனத்தின் முடிவை எதிர்த்துப் போக நாலைந்து கதவுகள் இருக்கின்றன. சிலவற்றுக்குச் செலவே இல்லை. ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். “நிராகரித்த கடிதம் எங்கே?” போனில் சொன்ன ‘இல்லை’யை எந்த மேசையிலும் வைக்க முடியாது. மலையகத்தில் பல கோரிக்கைகள் தோற்கும் இடம் அதுதான். நீதிமன்றம் வரை போய்த் தோற்பதில்லை, ஒரு கடிதம் கேட்காததால் படிக்கட்டிலேயே முடிந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றித் தமிழில் இணையத்தில் தேடினால் வந்து விழுவதெல்லாம் தமிழ்நாட்டுச் செய்தி. அங்கே ‘காப்பீடு’, இங்கே ‘காப்புறுதி’. சொல் மட்டுமல்ல, சட்டமும் வேறு. இந்தியக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஆயுள் பாலிசி 3 வருடத்தைத் தாண்டிவிட்டால் அதைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்கிறது. அங்கே நுகர்வோர் ஆணையங்களும் இருக்கின்றன. யூடியூபில் இதை யாரோ அழகாக விளக்கியிருந்தார்கள். அதைப் பார்த்து எங்கள் பெரியம்மாவின் மூத்த மகன், எனக்கு அண்ணன் முறை, நிறுவனத்துக்கு எழுதிய முதல் கடிதத்தில் 45ஆம் பிரிவைக் காட்டி மிரட்டியிருந்தார். கொழும்பில் அதைப் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஹட்டனுக்கு அந்தச் சட்டம் கடல் தாண்டி வராது.

கேட்காததையும் சொல்ல வேண்டிய சட்டம்

நமக்குப் பொருந்தும் சட்டத்தின் வேர் 1852இல் இருக்கிறது. அந்த வருடத்து 5ஆம் இலக்க சிவில் சட்டக் கட்டளைச் சட்டம், ஆயுள் காப்புறுதி, தீக் காப்புறுதி முதலான விடயங்களில் இங்கிலாந்தில் நடைமுறையில் உள்ள சட்டமே இங்கும் செல்லும் என்றது. மலைகளில் தேயிலை வருமுன், கோப்பிக் காலத்தில் எழுதிய வரி அது. இன்றும் காப்புறுதி வழக்குகள் அந்த வரியின் மேல்தான் நிற்கின்றன.

அந்த ஆங்கிலச் சட்டத்தின் மையக் கருத்து அதியுயர் நன்னம்பிக்கை. சாதாரண வியாபாரத்தில் வாங்குபவர் கேட்டால் விற்பவர் சொல்வார். காப்புறுதியில் அப்படியில்லை. தன் உடல்நிலையும் தன் தொழிலும் பாலிசி எடுப்பவருக்குத்தான் தெரியும் என்பதால், நிறுவனத்தின் தீர்மானத்தைப் பாதிக்கக்கூடிய எதையும் அவராகவே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஒப்பந்தத்தையே ரத்துச் செய்ய நிறுவனத்துக்கு உரிமை வந்துவிடும். இந்தக் கடுமை சாதாரண மக்களுக்கு நியாயமில்லை என்று கண்ட இங்கிலாந்து, 2012இல் தனிச்சட்டம் கொண்டுவந்து தனிநபர்களுக்கு அதைத் தளர்த்திவிட்டது. அங்கே இப்போது, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்துடன் பதில் சொன்னால் போதும். அந்தத் தளர்வை 1852இன் வரி வழியாக இங்கே எவ்வளவு தூரம் இழுத்து வரலாம் என்பது சட்டத்தரணி வாதிட வேண்டிய விடயம். நாம் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

சரி, தோட்டத்தில் இந்த நன்னம்பிக்கை எப்படி நடக்கிறது? சம்பள நாளுக்கு மறுநாள் ஏஜென்ட் வருகிறார். தெரிந்த பையன்தான், பெரும்பாலும் நம்ம ஊர்க்காரன். பாலிசி கேட்டு நிரப்பும் முன்மொழிவுப் படிவம் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில். பத்துப் பன்னிரண்டு நோய்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று கட்டம். அவர் எதையும் வாசிப்பதில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுக்கொண்டு போகிறார். கடைசியில் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்து. பெரியப்பா தமிழில் போட்ட கையெழுத்துக்கு மேலே இருந்த அத்தனை எழுத்தும் வேறொருவர் எழுதியது.

ஏஜென்ட் நிறுவனத்தின் ஆள்தானே, அவர் செய்த தவறுக்கு நிறுவனம்தானே பொறுப்பு என்று நாம் நினைப்போம். 1929இல் இங்கிலாந்தில் தீர்ப்பான நியூஸ்ஹோம் சகோதரர்கள் வழக்கு அதற்கு நேர்மாறாகச் சொன்னது. படிவத்தை நிரப்பும் நேரத்தில் அந்த ஏஜென்ட் நிறுவனத்துக்காக எழுதவில்லை, கையெழுத்துப் போடுகிறவருக்காக எழுதிக்கொடுக்கும் எழுத்தர் போல என்பது அதன் சாரம். கையெழுத்திட்டவர் படிவத்தில் உள்ளதை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். கேட்கவே எரிச்சலாக இருக்கும், ஆனாலும் நிறுவனத்தின் சட்டத்தரணி முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான். ஏஜென்டுக்கு நோய் பற்றித் தெரிந்திருந்தது, அவரிடம் சொன்னோம், அவர் வேண்டுமென்றே விட்டார் என்று சாட்சியோடு காட்ட முடிந்தால் வாதாட இடமிருக்கிறது. வெறும் ‘எனக்கு வாசிக்கத் தெரியாது’ மட்டும் போதாது.

நமக்குச் சாதகமான பக்கமும் உண்டு. நோயை மறைத்தார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். படிவத்தில் கையெழுத்திட்ட அன்று அந்த நோய் இருந்தது, அவருக்கு அது தெரியும், அது நிறுவனத்தின் தீர்மானத்தை மாற்றியிருக்கும் என்று அவர்கள் காட்ட வேண்டும். இங்கேதான் எங்கள் கதை திரும்பியது.

பெரியப்பா விஷயத்தில் நிறுவனம் கையில் வைத்திருந்தது ஒரே ஒரு தாள். வைத்தியசாலை கொடுத்த நோய் நிர்ணய அட்டை. நாம் டயக்னோசிஸ் கார்ட் என்று சொல்வது. அதில் சர்க்கரை, 10 வருடம் என்று எழுதியிருந்தது. பாலிசிக்கு வயது 7. கணக்குப் பார்த்தால் மறைத்துத்தான் இருக்கிறார். ஆனால் அந்த 10 எங்கிருந்து வந்தது? ராத்திரி வார்டில் சேர்க்கும்போது டாக்டர் கேட்டிருக்கிறார், அண்ணன் பதற்றத்தில் “ஒரு பத்து வருசம் இருக்கும் சேர்” என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அதன் பூர்வீகம்! பெரியப்பாவின் கிளினிக் கொப்பி மட்டும் பெரியம்மாவின் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. எண்ணெய்க் கறை பிடித்த அதன் முதல் பக்கத்தில், முதன்முதலாகச் சர்க்கரை கண்டுபிடித்த திகதி இருந்தது. பாலிசி எடுத்து இரண்டு வருடத்துக்கும் பிறகான திகதி.

வைத்தியசாலையில் நோயாளியைச் சேர்க்கும்போது கூடப் போகிறவர்கள் வாய்க்கு வந்த வருடத்தைச் சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பழைய கிளினிக் கொப்பியை அடுப்புக்குப் போடாதீர்கள். அட்டையில் உள்ளது செவிவழிச் செய்தி, கொப்பியில் உள்ளது சோதனை முடிவு. இரண்டும் முரண்பட்டால் எதற்கு எடை அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. கொப்பி தொலைந்துபோனால், அரச வைத்தியசாலையின் பதிவேட்டிலிருந்து விவரம் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

பேர்

மலையகத்துக்கென்றே ஒரு தனி வியாதி இருக்கிறது. பெயர்.

பிறப்புச் சான்றிதழில் இராமாயி, அடையாள அட்டையில் ரமாய், தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் ராமாய் பெருமாள், சேமலாப நிதியில் பி. ராமாய். நாலும் ஒரே ஆள். காதால் கேட்ட தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அவரவர் எழுதினால் இப்படித்தான் வரும். பழைய ஆட்கள் பலருக்குப் பிறந்த திகதியே யாரோ ஒரு எழுத்தர் குத்துமதிப்பாகப் போட்டது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அந்த இழுபறி நீண்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒழுங்கான ஆவணம் இல்லாமல் வாழ்ந்த சமூகத்திடம் ‘எல்லாப் பத்திரத்திலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும்’ என்பது சரித்திரம் தெரியாதவன் கேட்கும் கேள்வி.

சட்டப்படி பார்த்தால் எழுத்துப் பிழை என்பது இழப்பீட்டை மறுக்கும் காரணமே இல்லை. ஆள் அதே ஆள்தான் என்பதற்குச் சான்று கேட்கலாம், அவ்வளவுதான். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தர் தந்து பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட ஓர் உறுதிக் கடிதம், பெரும்பாலும் இவை போதும். பிறப்புச் சான்றிதழையே திருத்தி வா என்று சொன்னால், அது ஏன் தேவை என்று எழுத்தில் கேளுங்கள். திருத்தும் வேலை மாதக்கணக்கில் போகும், அந்த மாதங்கள் முழுக்கப் பணம் அவர்கள் கையில்.

உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டியது, பாலிசியில் பெயர் குறித்த நியமனதாரர் யார் என்பது. பதிவு செய்யாத கல்யாணம் தோட்டங்களில் சாதாரணம். நியமனம் இல்லாமல் ஆள் போய்விட்டால் ‘நீங்கள் மனைவிதான் என்பதற்கு என்ன சாட்சி’ என்ற கேள்வியில் ஆரம்பித்துப் பிள்ளைகள், சகோதரர்கள் என்று அது வேறெங்கோ போய் நிற்கும்.

பதில் வராத மாதங்கள்

மறுப்பைவிடத் தாமதம் ஆபத்தானது என்று நான் நினைக்கிறேன். மறுத்தால் கோபம் வரும், ஏதாவது செய்வோம். ‘பார்க்கிறோம்’ என்றால் காத்திருப்போம்.

தாமதத்துக்கு ஒரு பழகிய முறை உண்டு. முதல் மாதம் மரணச் சான்றிதழின் மூலப்பிரதி. அதைக் கொடுத்தால் அடுத்த மாதம் பிரேதப் பரிசோதனை அறிக்கை. அதற்கடுத்து வங்கிப் புத்தகத்தின் பிரதி. எல்லாம் முதல் நாளே கேட்டிருக்கக்கூடியவை. இதை உடைக்க ஒரே வழி, இன்னும் என்னென்ன தேவை என்று முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் எழுத்தில் தரும்படி பதிவுத் தபாலில் கேட்பது. தபால் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வையுங்கள். கடிதம் தமிழில் இருக்கலாம், அதற்காகக் கூசத் தேவையில்லை. இரண்டு வரி போதும்: பாலிசி இலக்கம் இது, இன்ன திகதியில் கோரிக்கை வைத்தேன், இன்றுவரை முடிவு இல்லை, முடிவையும் காரணத்தையும் எழுத்தில் தாருங்கள், முன்மொழிவுப் படிவத்தின் பிரதியையும் இணையுங்கள்.

காத்திருப்பதில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் மேல் வழக்குப்போட 6 வருடம் உண்டு. அது பெரிய கடிகாரம். சிறிய கடிகாரம் பாலிசிக்குள்ளேயே, பொடி எழுத்தில் இருக்கலாம். நிராகரித்த நாளிலிருந்து இத்தனை மாதத்துக்குள் வழக்கோ நடுத்தீர்ப்போ (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தரும் தீர்ப்பு) தொடங்காவிட்டால் உரிமை போய்விடும் என்று சில பாலிசிகள், முக்கியமாகத் தீ, சொத்துப் பாலிசிகள், நிபந்தனை போடுகின்றன. ஆறு வருடம் இருக்கிறதே என்று இருந்தவர்கள் இதில்தான் விழுகிறார்கள்.

தாமதித்ததற்காகவே நிறுவனத்துக்குப் பெரிய தண்டனை கிடைக்குமா? அமெரிக்காவில் கிடைக்கும் என்று படித்திருப்பீர்கள். இங்கே அப்படியொரு பழக்கம் இல்லை. குடியியல் நடவடிக்கைக் கோவையின் 192ஆம் பிரிவு, பணம் கேட்கும் வழக்கில் வழக்குத் தொடுத்த நாளிலிருந்து வட்டி கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. வழக்குத் தொடுத்த நாளிலிருந்து என்பதைக் கவனியுங்கள். படிக்கட்டு ஏறி இறங்கிய மாதங்களை அந்தக் கணக்கு எண்ணாது.

எந்தக் கதவு

முதல் கதவு நிறுவனத்தின் உள்ளேயே இருக்கிறது. கிளையில் இருப்பவருக்கு முடிவை மாற்றும் அதிகாரம் கிடையாது, அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு, காரணத்தையும் சான்றையும் வைத்து மேன்முறையீடு எழுத வேண்டும். அதற்கும் மறுப்பு வந்தால், அல்லது பதிலே வராவிட்டால், அடுத்த இரண்டு கதவுகள் திறக்கும்.

ஒன்று காப்புறுதி ஒம்புட்ஸ்மன், அதாவது காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுநிலையாளர். காப்புறுதித் துறையே சேர்ந்து 2005இல் ஏற்படுத்திய ஏற்பாடு இது. முறைப்பாட்டாளருக்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. நிறுவனத்தோடு முதலில் பேசி முடிவு பெற்றிருக்க வேண்டும், விடயம் நீதிமன்றத்தில் இருக்கக் கூடாது. துறையின் பணத்தில் நடப்பது துறைக்கு எதிராகப் பேசுமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. ஆனால் அங்கே கோப்பைத் திறந்து பார்க்க ஒருவர் இருக்கிறார், நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். போனில் பேசிய குரலுக்கு இல்லாத பொறுப்பு கடிதத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே கிடைக்கும் முடிவு திருப்தியில்லை என்றால் நீதிமன்றம் போகும் வழி அடைபடாது.

மற்றது இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான காப்புறுதிச் சபைதான் 2017இன் திருத்தத்தில் ஆணைக்குழுவாகப் பெயர் மாறியது. நிறுவனங்களுக்கும் தரகர்களுக்கும் பதிவு கொடுப்பதும் கண்காணிப்பதும் அதன் வேலை. கோரிக்கை தொடர்பான முறைப்பாட்டையும் விசாரிக்கும். ஏஜென்ட் கட்டுப்பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பாலிசியைக் காலாவதியாக விட்டது போன்ற விடயங்களுக்கு இது பொருத்தமான இடம். அதற்கும் பற்றுச்சீட்டு வேண்டும், கையில் காசு கொடுத்துவிட்டு ‘தம்பி நல்ல பையன்’ என்று சொன்னால் ஆணைக்குழு என்ன செய்யும்?

அப்புறம் நீதிமன்றம். கொழும்புக்குப் போக வேண்டுமே என்ற பயம்தான் நம் ஆட்களைத் தடுக்கிறது. குடியியல் நடவடிக்கைக் கோவையின் 9ஆம் பிரிவு, எதிராளி வசிக்கும் இடத்தில் மட்டுமல்ல, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலும் ஒப்பந்தம் செய்த இடத்திலும் உள்ள நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. ஒப்பந்தம் முடிவானது கொழும்பில்தான் என்று நிறுவனம் ஆட்சேபிக்கக்கூடும். கிளையில் படிவம் வாங்கியது, பணம் கட்டியது எல்லாவற்றுக்கும் பத்திரம் வைத்திருந்தால் வாதாடலாம். நீதிமன்றத்தில் தமிழில் பேசவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது.

பாலிசியில் நடுத்தீர்ப்பு வாசகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்து, நிறுவனம் அதைக் காட்டி ஆட்சேபித்தால், 1995இன் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டப்படி நீதிமன்றம் விலகிக்கொள்ளும். நடுவருக்குக் கட்டணம் கட்ட வேண்டிவரும், சின்னக் கோரிக்கைக்கு அது கட்டாது. இன்னொரு பக்கம், குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த பணப் பிணக்குகள் 1988இன் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய் வர வேண்டியவை. சட்டத்தரணியை முதல் நாள் பார்க்கும்போது இந்த இரண்டையும் கேளுங்கள், கட்டணத்தையும் அன்றே எழுதி வாங்குங்கள். வசதியில்லாதவர்களுக்கு 1978இன் 27ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பல நீதிமன்ற நகரங்களில் அதன் நிலையங்கள் உண்டு. வருமான எல்லைக்குள் வந்தால் இலவசமாகவே வழக்குப் பேசுவார்கள். தோட்டத் தொழிலாளியின் சம்பளத் துண்டைக் காட்டினால் வாசலிலேயே திருப்பி அனுப்ப மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் பலர் இதைக் குற்றவியல் வழக்குக்கும் தாபரிப்புக்கும் மட்டும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

றோட்டும் மண்சரிவும்

வாகனக் கோரிக்கையில் ஆட்டோக்காரர்கள் அதிகம் அடிபடும் இடம் பாவனை. தனியார் பாவனை என்று குறைந்த கட்டணத்தில் எடுத்துவிட்டு ஹயர் ஓடினால், விபத்தன்று நட்டத்தை மதிப்பிட வரும் அசெசர் கேட்கும் முதல் கேள்வியிலேயே விடயம் முடிந்துவிடும். இதில் நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. லீசிங் வாகனமாக இருந்தால் காசோலை லீசிங் கம்பனிக்குப் போகும், தவணை பாக்கி போக மிச்சம்தான் உங்களுக்கு.

விபத்தில் அடிபட்ட மூன்றாம் ஆளின் நிலை வேறு. இந்த மலைப்பாதைகளில் 2021 மார்ச்சில் பசறை, 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல, 2025 மே மாதத்தில் கொத்மலை என்று வருடந்தோறும் ஏதாவது ஒரு வளைவின் பெயர் நாட்டுக்கே தெரிந்துவிடுகிறது. 1951இன் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் ஆள் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருப்பது இப்படி அடிபட்டவர்களுக்காகத்தான். பாதிக்கப்பட்டவருக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் இல்லை. சாரதி மீதும் உரிமையாளர் மீதும் வழக்குப்போட்டுத் தீர்ப்புப் பெற்றால் அதைக் கட்டும் கடமை காப்புறுதி நிறுவனத்துக்கு வரும். அதற்கு வழக்குப் பற்றி நிறுவனத்துக்கு உரிய நேரத்தில் அறிவித்தல் போயிருக்க வேண்டும், இதைச் சட்டத்தரணி மறந்தால் தீர்ப்பு வெறும் தாள். இங்கே கடிகாரமும் வேகமானது: தீங்குக்கான நட்டஈட்டு வழக்குக்கு 6 வருடம் இல்லை, 2 வருடம்தான். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்த இரண்டு வருடத்தைத் தொலைத்தவர்களை எனக்கே தெரியும்.

நிறுவனத்து ஆட்கள் கையில் கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு வருவார்கள், கூடவே ஒரு தாள் இருக்கும். முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிய விடுவிப்புப் பத்திரம். செத்த வீட்டுச் செலவுக்குக் கடன் வாங்கியவர்கள் வாசிக்காமல் கையெழுத்திட்டுவிடுவார்கள். அதன் பிறகு எந்தச் சட்டத்தரணியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால், இது ஒரு பகுதி மட்டுமே, மீதிக்கான உரிமையை விடவில்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அன்று கையெழுத்து வேண்டாம்.

மண்சரிவு விடயத்தில் கோபப்படக் கூட நமக்கு இடம் குறைவு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவை லயங்கள், தோட்டத்து வரிசை வீடுகள். அவை அங்கே வாழ்ந்தவர்களின் சொத்து இல்லை. தன்னுடையது என்று சட்டம் ஏற்காத வீட்டை ஒருவர் தன் சொத்தாகக் காப்புறுதி செய்ய முடியாது, காப்புறுதி நலன், அதாவது அது அழிந்தால் தனக்குச் சட்டப்படி நட்டம் வரும் என்ற தொடர்பு, வேண்டும் என்பது அடிப்படை விதி. உள்ளே உள்ள தட்டுமுட்டுச் சாமானுக்கு எடுக்கலாம், யார் எடுக்கிறார்கள்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளை உலுக்கியபோதும் லயத்து ஆட்களுக்கு இதே நிலைதான். காணி உறுதிப் பத்திரம் உள்ள வீட்டுக்காரர்களுக்கு வரும் தகராறு வேறு. சாதாரணத் தீப் பாலிசியில் மண்சரிவு தானாக வராது, தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்திருந்தாலும், இது மண்சரிவு அல்ல, மதில் சரியாகக் கட்டாததால் விழுந்தது என்பார்கள். அப்போது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கள அறிக்கை கையில் இருந்தால் பேச்சு மாறும். மண்ணை அள்ளுவதற்கு முன் போட்டோ எடுங்கள், திகதி தெரிய.

குளவி கொட்டி இறந்தவர், மலையில் வழுக்கி விழுந்தவர் போன்றோரின் குடும்பம் தனியார் பாலிசி இல்லையென்று சும்மா இருந்துவிடக் கூடாது. வேலையில் நேர்ந்த விபத்துக்கு 1934இன் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதை விசாரிக்கத் தனி ஆணையாளர் உண்டு, தோட்ட நிர்வாகம் பொறுப்பு. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் பேர் இருந்தால் மரணத்துக்கும் நிரந்தர அங்கவீனத்துக்கும் தனி நன்மைகள் இருக்கின்றன, நம் ஆட்கள் அதைக் கடைசியில் எடுக்கும் சேமிப்பு என்று மட்டுமே நினைக்கிறார்கள்.

பெரியம்மாவின் கோப்புக்கு வருகிறேன். பதிவுத் தபாலில் இரண்டு கடிதம் போன பிறகுதான் எழுத்தில் நிராகரிப்பு வந்தது, ஆங்கிலத்தில், ஒரே பந்தியில். அதோடு கேட்ட படிவத்தின் பிரதியும் வந்தது. ஏஜென்டின் கையெழுத்தில் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’. சர்க்கரையைப் பொறுத்தவரை, கையெழுத்திட்ட நாளில் அந்த ‘இல்லை’ உண்மைதான். அதைத்தான் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தை வைத்து எழுதினோம். தலைமை அலுவலகம் அசையவில்லை. ஒம்புட்ஸ்மனுக்கு முறைப்பாடு போனது. கொஞ்ச நாளில், விசாரணைத் திகதி வருமுன்னே, நிறுவனத்திலிருந்து ஒரு கோல். பேசியவர் பெயரைக் கேட்டேன், சொன்னார். பணம் தரத் தீர்மானித்திருக்கிறோம் என்றார். அதையும் எழுத்தில் அனுப்பச் சொன்னேன். கொஞ்சம் சிரித்துவிட்டு அனுப்பினார்.

காசோலை வந்தது. வங்கியில் கொடுத்தால் திருப்பிவிட்டார்கள், பெரியம்மாவின் பெயரில் ஓரெழுத்துப் பிழை. மறுபடி அந்தப் படிகளில் ஏற இன்னொரு அரைப்பேர் போனது.